ஐம்பது வயதுக்குள் ஐந்து இலக்குகள்: எதைத் தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். ஐம்பது வயதுக்குள் முடிக்க வேண்டியவை என்று ஐந்து இலக்குகளை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: ஒரு நாவல், முனைவர் பட்டம், முழு மாரத்தான், பிரெஞ்சு மொழி, சொந்தமாக ஒரு சிறு தொழில். இலக்கை எழுதி வைப்பவர்களே வெல்கிறார்கள் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு சொல்வதாகப் படித்திருக்கிறேன். நாவல் என் நெடுநாள் ஆசை. என் பாட்டியின் தலைமுறைப் பெண்கள் வெளியே சொல்லாமல் விட்டுப்போனவற்றை எழுத வேண்டும். பாட்டி கடைசி நாட்களில் என்னிடம் சொன்ன சில விஷயங்கள் வேறு யாருக்கும் தெரியாது. அந்த நாவல் வெளிவருவதையும் மேடையில் நான் பேசுவதையும் நினைத்தபடியே பல இரவுகள் தூங்கிப்போகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் ஐந்தையும் தொடங்குகிறேன். மார்ச்சுக்குள் ஐந்தும் நின்றுவிடுகின்றன. இந்த ஆண்டு மகனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் விட்டுப்போயிற்று. பிறகு நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. என் மீதே வெறுப்பாக இருக்கிறது. “இருப்பதை வைத்து நிம்மதியாக இருக்கலாமே” என்கிறார் கணவர். “எல்லோரிடமும் சொல்லிவிடு, வெட்கத்துக்காவது முடிப்பாய்” என்கிறாள் தோழி. எனக்கு மனவுறுதி போதவில்லையா? கனவைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கனவைச் சிறிதாக்க வேண்டாம். எண்ணிக்கையைக் குறையுங்கள். இப்போதைக்கு ஒன்று போதும். அலுவலகம், வீடு, இரண்டு பிள்ளைகள் என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் நடத்தி வருகிறவரிடம் மனவுறுதி இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஐந்து இலக்குகளில் எதற்கும் வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று ஒதுக்கியதாக ஒரு சொல்கூட அதில் இல்லை. குறை அங்கே இருக்கிறது.

முதலில் அந்த யேல் ஆய்வைப் பார்த்துவிடலாம். 1953இல் பட்டம் பெற்ற மாணவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்கள் இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள், இருபது ஆண்டுகளுக்குப் பின் மீதி 97 சதவீதத்தினரைவிட அவர்களே அதிகச் செல்வம் சேர்த்திருந்தார்கள் என்று அந்தக் கதை போகும். பேச்சரங்குகளிலும் சுயமுன்னேற்றக் கட்டுரைகளிலும் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப்போன பத்திரிகையாளர்களுக்கும் சரி, யேல் பல்கலைக்கழகத்துக்கும் சரி, அதற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. இந்தக் கதையை நம்புகிறவர்கள் எழுதி ஒட்டியதுமே பாதி தூரம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள்; எதுவும் நடக்காதபோது, தாளில் எழுதியும் நடக்கவில்லை என்றால் கோளாறு தங்களிடம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

மெய்யாக நடந்த ஆய்வுகள் ஏராளம். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் இலக்கு வகுப்பதைப் பற்றி 35 ஆண்டுகளில் சேர்ந்த ஆய்வு முடிவுகளை 2002இல் தொகுத்து எழுதினார்கள். “முடிந்தவரை செய்கிறேன்” என்று தொடங்குபவர்களைவிட, தெளிவான, கடினமான இலக்கு வைத்துக்கொள்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆகவே பெரிதாக ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் இந்த முடிவோடு ஒட்டிய இன்னொன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. இதுவரை செய்தே பார்க்காத, சிக்கலான ஒரு வேலையில் இறங்கும்போது முடிவை மட்டும் இலக்காக வைத்தால் பலன் குறைகிறது. வேலையைப் பிடிபடச் செய்யும் வழிகளைக் கண்டுபிடிப்பதையே முதல் இலக்காக வைப்பவர்கள் மேலே போகிறார்கள். லேதமும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதனைகளில் கண்டது இது.

உங்களுக்கு நாவல் என்பது அப்படி ஒரு வேலை. ஒரு காட்சியை எழுதி முடிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்? காலையில் சொற்கள் வருகின்றனவா, இரவிலா? பாட்டி சொன்னதை அப்படியே எழுத முடியுமா, அல்லது கற்பனைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால்தான் கை ஓடுமா? இவற்றுக்கு இன்று உங்களிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. “ஐம்பதுக்குள் நாவல்” என்று எழுதினால் இந்தக் கேள்விகள் எல்லாம் மறைந்துபோகின்றன, தேதி மட்டும் மிரட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் ஆண்டின் இலக்கை இப்படி மாற்றி எழுதுங்கள்: பாட்டியின் வயதொத்த பெண்கள் நான்கைந்து பேரிடம் உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுப்பது, நாவலில் வரக்கூடிய காட்சிகளில் பத்தையேனும், எந்த வரிசையும் இல்லாமல், முழுதாக எழுதிப் பார்ப்பது, எழுதியதைப் படித்துவிட்டு முகத்துக்காகப் பேசாத ஒருவரைக் கண்டுபிடிப்பது. ஆண்டின் முடிவில் கையில் நாவல் இருக்காது. ஆனால் அதை எப்படி எழுதுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாவலையே நான் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம், நீங்கள்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மற்ற நான்கும் கடிதத்தில் ஒரே வரியில் வரிசையாக வந்து போகின்றன. நாவலைப் பற்றி மட்டும் யார், எதற்காக, யார் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாவலைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு பற்றிக் கேட்டால்? நான் தவறாகவும் கணித்திருக்கலாம், அப்படியானால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றுதான்.

மற்ற நான்கையும் கைவிடுவதாக நினைத்து வருந்த வேண்டாம். ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணித அறிஞரின் வாழ்க்கையில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை அவர் பத்து வயதில் ஒரு நூலகப் புத்தகத்தில் கண்டார். அதை நிறுவுவதே அவருடைய சிறுவயதுக் கனவு. ஆனால் ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோது அதை ஒதுக்கி வைத்தார். அன்றைய நிலையில் அதை அணுக வழியே தெரியவில்லை. நீள்வட்ட வளைவரைகள் என்ற வேறொரு துறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1986இல் அந்தத் துறைக்கும் ஃபெர்மாவின் தேற்றத்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டது. அப்போதுதான் சிறுவயதுக் கனவை மீண்டும் கையில் எடுத்தார். எடுத்ததும், அதற்குத் தொடர்பில்லாத மற்ற ஆய்வுகளை நிறுத்தினார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1993இல் அறிவித்த நிறுவலில் ஒரு பிழை வெளிப்பட்டது. அதைச் சரிசெய்து முடித்தது 1994இல். ஒதுக்கி வைத்த காலத்தில் அவர் கற்றதுதான் கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது. உங்கள் முனைவர் பட்டமும் தொழிலும் அப்படி ஒதுங்கி நிற்கட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தேதியைக் குறித்து, அன்று மீண்டும் யோசிப்பதாக எழுதிவையுங்கள். மாரத்தானுக்குப் பதிலாக உடம்புக்கு நடை போதும். அந்த நான்கில் எதையாவது உண்மையிலேயே வேண்டாம் என்று உணர்ந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களின் மனநலம் மேலாக இருப்பதாகக் கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. விடத் தெரிவதும் ஒரு திறமை.

இனி நேரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

“நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்” என்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. வாரத்துக்கு நான்கு மணி நேரம் வேண்டுமென்றால், அந்த நான்கு மணி நேரம் இப்போது வேறு எதற்கோ போய்க்கொண்டிருக்கிறது. எதற்கு என்று கண்டுபிடித்து, அதிலிருந்து எடுக்க வேண்டும். தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், இரண்டே வாரத்தில் உடம்பு திருப்பிக் கேட்டுவிடும். பிள்ளைகளுடன் இருக்கும் நேரத்திலிருந்து எடுத்தால் குற்றவுணர்ச்சி எழுத விடாது. மிச்சமிருப்பவை, இரவில் கைபேசியோடு கழியும் நேரம் (அதை விட்டு முன்னதாகத் தூங்கினால் தூக்கம் குறையாமல் அதிகாலையில் எழலாம்), உங்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று நீங்களாகவே வைத்துக்கொண்ட சில வீட்டு வேலைகள், மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சிகள். இந்த வீட்டு வேலைகள்தான் பெண்கள் கடைசியாகத் தொடுகிற இடம். முதலில் தொட வேண்டிய இடமும் அதுவே என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இங்கே உங்கள் கணவர் வருகிறார். அவர் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்பது தெரிகிறது. அவர் பக்கத்திலிருந்தும் ஒரு கணம் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நீங்கள் பறப்பதையும் மார்ச்சில் நொறுங்கிப்போவதையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். அவர் தடுக்க நினைப்பது உங்கள் எழுத்தையாக இருக்காது, அந்த மார்ச்சையாக இருக்கலாம். ஆகையால் அவரிடம் கனவைப் பற்றி வாதாட வேண்டாம். “வாரத்தில் இன்னின்ன நான்கு நாள், காலை ஐந்தரை முதல் ஆறரை வரை நான் எழுதப்போகிறேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் எழுந்தால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு மட்டும்” என்று கேளுங்கள். கனவுக்குச் சம்மதம் சொல்வது யாருக்கும் கடினம். ஒரு மணி நேரத்துக்கும் ஒரு வேலைக்கும் சம்மதம் சொல்வது எளிது. அவர் அதற்கும் மறுத்தால் அப்போது பேச வேண்டியது வேறு. மீண்டும் எனக்கு எழுதுங்கள்.

நேரம் கிடைத்தபின் தேதியை எப்படி வைப்பது? ஐம்பது வயது என்பது எங்கிருந்து வந்தது? அழகான முழு எண் என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் மிகவும் மோசம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் பட்டப்படிப்பு மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது, ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். முடிந்தது சராசரியாக 55 நாளுக்கும் மேல். அதாவது, மிக மோசமாகக் கற்பனை செய்துகூட உண்மையை எட்ட முடியவில்லை. சில வாரத்து வேலைக்கே இப்படி என்றால் பன்னிரண்டு ஆண்டுக்குப் போடும் திட்டத்தை என்னவென்று சொல்வது?

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இது உங்களுக்கு எளிதாக வரும். முதல் மூன்று மாதம் எந்தத் தேதியும் வைக்காமல், ஒவ்வொரு அமர்விலும் எத்தனை சொல் எழுதினீர்கள் என்று மட்டும் குறித்து வாருங்கள். பிறகு அந்த உண்மையான வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, அமர்வுக்கு 200 சொல், வாரத்துக்கு நான்கு அமர்வு என்றால் 800. ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கக் கூடாது. 40 என்று வையுங்கள். காய்ச்சல், தேர்வு, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், விருந்தினர் எல்லாம் மிச்சமுள்ள 12 வாரத்தில் அடங்கும். ஆண்டுக்கு 32,000 சொல். ஏறக்குறைய முந்நூறு பக்க நாவலுக்கு 65,000 சொல் என்று கொண்டால், முதல் வரைவு இரண்டு ஆண்டு. திருத்தி எழுத இன்னும் இரண்டு ஆண்டு வையுங்கள். கற்பதற்கான முதல் ஆண்டையும் சேர்த்தால் ஐந்து. உங்களுக்கு அப்போது 43 வயது. ஐந்தையும் சுமந்தபோது கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஐம்பதுக்கு வெகு முன்னரே வந்துவிடுகிறது. இது உதாரணக் கணக்குதான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். எதுவாக இருந்தாலும் அவை அளந்து பெற்ற எண்களாக இருக்கட்டும்.

காய்ச்சல் வாரத்துக்கு வருகிறேன். உங்கள் எழுத்தைக் காய்ச்சல் நிறுத்தவில்லை. “போச்சு, இந்த ஆண்டும் அவ்வளவுதான்” என்று பிறகு நீங்கள் எழுதிக்கொண்ட தீர்ப்பு நிறுத்தியது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் புதிய பழக்கம் எப்படிப் படிகிறது என்று பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். செய்வது இயல்பாகிவிட நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று அந்தப் பன்னிரண்டு வாரப் பதிவுகளை வைத்துக் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இரண்டு வாரம் என்பது ஒரு நாளைவிட நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் எழுதியது நோட்டில் அப்படியே இருக்கிறது; அதை யாரும் அழிக்கவில்லை.

இப்படிப்பட்ட வாரங்களுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொல்லும் முறை எளிமையானது: இது நடந்தால் இதைச் செய்வேன் என்று இரண்டையும் சேர்த்து முன்பே முடிவுசெய்வது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறுமனே எண்ணம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட இப்படி முடிவுசெய்தவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். உங்களுக்கு நான் எழுதித் தருவது: “காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்ததும், முந்தைய நாள் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முடிப்பேன்.” இன்னொன்று: “வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், அந்த வாரம் நோட்டில் தேதியும் ஒரு வரியும் மட்டும் எழுதுவேன்.” ஒரு வரி எழுதிய வாரத்தைத் தவறிய வாரமாகக் கணக்கில் வைக்காதீர்கள். அலமாரிக் கதவில் இருக்கும் ஐந்து வரிகளை எடுத்துவிட்டு இந்த இரண்டு வரிகளை ஒட்டலாம்.

இரவில் மேடையை நினைத்தபடி தூங்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இன்பத்தை உங்களிடமிருந்து பறிக்க விருப்பமில்லை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கேப்ரியேல் ஓட்டிங்கனும் தாமஸ் வாடனும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்கும் பயிற்சியில் சேர்ந்த பெண்களை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். “என்னால் முடியும்” என்ற நம்பிக்கையோடு இருந்தவர்கள் அதிக எடை குறைத்திருந்தார்கள். மெலிந்துவிட்ட தங்களைப் பற்றி இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்கள் குறைவாகவே குறைத்திருந்தார்கள். கற்பனையிலேயே மனம் ஓரளவு நிறைந்துவிடுகிறது. மேடைக் காட்சி வரும்போது, அதை அங்கேயே நிறுத்தாமல், நாளைக் காலை எதனால் எழுதாமல் போகக்கூடும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். இனிப்பும் தடையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் மனம் வேலைக்குத் தயாராகிறது என்பது ஓட்டிங்கனின் பிற்கால ஆய்வுகள் காட்டுவது.

தோழியின் யோசனையும் இதே காரணத்தால் எனக்கு உவப்பாக இல்லை. கோல்விட்சரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கறிஞராக வேண்டும் என்ற தங்கள் முனைப்பு பிறரால் கவனிக்கப்பட்ட சட்ட மாணவர்கள், கவனிக்கப்படாதவர்களைவிடக் குறைந்த நேரமே உழைத்தார்கள். “நாவல் எழுதுகிறாளாம்” என்று நாலு பேர் சொல்லிவிட்டால், எழுத்தாளர் ஆன நிறைவு ஓரளவு அப்போதே கிடைத்துவிடுகிறது. அதே வேளையில், முன்னேற்றத்தைக் குறித்து வைத்து ஒருவரிடம் காட்டுவது நிச்சயமாக உதவுகிறது. ஆகவே கனவை ஊருக்குச் சொல்ல வேண்டாம். எழுதிய சொற்களின் எண்ணிக்கையை ஞாயிறுதோறும் அந்தத் தோழிக்கு மட்டும் அனுப்புங்கள். அவர் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், பெற்றுக்கொண்டால் போதும்.

“என் மீதே வெறுப்பாக இருக்கிறது” என்ற வரியை நான் கடந்துபோக முடியவில்லை. அது எழுதாத வருத்தம் மட்டும்தான் என்றால், நோட்டைத் திறந்ததும் குறையத் தொடங்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால், அல்லது வாழ்வதே பாரமாகத் தோன்றினால், இலக்கு பற்றிய இந்தப் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் நாவல் காத்திருக்கலாம், நீங்கள் காத்திருக்கக் கூடாது.

அப்படி எதுவும் இல்லை என்றால், ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே கணவரிடம் நேரம் கேளுங்கள். அடுத்த வாரம் முதல் அமர்வு. பாட்டி உங்களிடம் மட்டும் சொன்ன அந்த விஷயங்களிலிருந்து தொடங்குங்கள், நாவலில் அது எங்கே வரும் என்ற கவலை இப்போது வேண்டாம். மூன்று மாதக் கணக்கு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை சொல் என்பதோடு, எந்த நாட்களில் எழுத முடியாமல் போயிற்று, ஏன் என்பதையும் குறித்து அனுப்புங்கள். அதை வைத்து அடுத்த ஆண்டைச் சேர்ந்தே திட்டமிடலாம்.